பெனிக்னா அத்தை யாரையும் கொல்லவில்லை

என் நாத்தனார் எர்லிண்டா கிந்தானா இருபத்தெட்டு வருஷம் சாந்தா ஃபே நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டால் அவள் திருப்பிக் கத்த மாட்டாள். வண்டியை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய், மதகுச் சுவரில் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். உள்ளே குசுகுசுப்புகூட அடங்கிய பிறகுதான் திரும்பி ஏறுவாள். இன்றைக்கும் இந்த ஊரில் நாற்பது வயது ஆண்பிள்ளைகள் அவளைக் கண்டால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்கள். அப்படி அடக்கமாகக் கோபப்படத் தெரிந்தவளைத்தான் ஒரு கம்பெனிக்காரி தெருவில் நின்று கத்த வைத்தாள். அதில் என் புருஷனுக்கும் பங்கு உண்டு. நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோடை முடிகிற சமயம். நானும் எர்லிண்டாவும் அவள் சமையலறையில் உட்கார்ந்து, சந்தையில் சுட்டுக் கொண்டுவந்த ஒரு மூட்டை பச்சை மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். விரல் எல்லாம் காந்தியது. அவள் வீடு தாய் வாய்க்கால் ஓரத்துச் சந்தில் இருக்கிறது. மண் வீடு. சமையலறை ஜன்னல் நேரே சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் முகங்கள். பத்துப் பதினைந்து பேர் வெயில் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நின்று எங்கள் மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கறுப்பு அங்கி போட்ட ஒருவன் எரிகிற லாந்தரைத் தூக்கிப் பிடித்திருந்தான். வெயில் அப்போதும் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் லாந்தர்!

அவன் பேசியது தெளிவாகக் கேட்டது.

"நண்பர்களே, இதுதான் அந்த வீடு. இங்கேதான் பெனிக்னா கிந்தானா என்ற சலவைக்காரி வாழ்ந்தாள். ஒரு குளிர்கால இரவில், தன் கணவனுக்கு நீலச் சோளக் கஞ்சியில் எலி மருந்தைக் கலந்து கொடுத்தாள். உடலை இதே சமையலறைத் தரைக்கு அடியில் புதைத்தாள். அன்றிலிருந்து தினமும் துணி துவைத்தாள், துவைத்தாள், துவைத்துக்கொண்டே இருந்தாள். கறை போகவே இல்லை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். இப்போதும் அந்தச் சத்தம் வரும்."

அந்தச் சத்தம் எங்கள் பின்னால் தண்ணீர்க் குழாய் சொட்டிய சத்தம். ஒரு பெண் "ஐயோ" என்று மார்பில் கை வைத்தாள்.

எர்லிண்டா கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை அதற்கு முன் அப்படி நான் பார்த்ததில்லை.

பெனிக்னா அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா. எர்லிண்டாவையும் என் புருஷன் டெல்ஃபீனையும் அம்மா செத்த பிறகு வளர்த்தவள் அவள்தான். அவர்களுடைய அப்பா ரயில்வே வேலை, குடி என்று ஊர் ஊராகப் போய்விட்டார். பெனிக்னா அத்தையின் புருஷன் மக்காரியோ ஆட்டு மந்தைகளோடு வடக்கே வயோமிங்குக்கு வேலைக்குப் போவார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இருமிக்கொண்டு திரும்பி வருவார். ஒரு வருஷம் வரவில்லை. அத்தை பாதிரியாரிடம் கேட்டாள், ஷெரிஃபிடம் கேட்டாள், ஆட்டுக் கம்பெனிக்கு ஆள் விட்டுக் கேட்டாள். எவனும் ஒரு பதில் சொல்லவில்லை. கேட்டது மெக்ஸிகோக்காரி மாதிரி இருக்கிற ஒரு சலவைக்காரி, காணாமல் போனது ஓர் ஆட்டுக்காரன். யாருக்கு அக்கறை? அதற்குப் பிறகு அத்தை சதுக்கத்தைச் சுற்றியிருந்த ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வாய்க்கால் தண்ணீரில் துவைத்து, தாமிர அண்டாவில் அவித்து, கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். சவக்காரம் அவள் விரல் நகங்களைத் தின்றுவிட்டது. வயிற்றுக்காகத் துவைத்தாள், எங்கேயோ பிறந்து வந்த ஒருவன் அதை இரத்தக் கறை ஆக்கிவிட்டான். அவள் உயிரோடு இருந்தபோது மக்காரியோவைத் தேட நேரம் இல்லாத ஊருக்கு இப்போது அவர் பிணத்தைத் தேடி வர நேரம் இருந்தது.

எர்லிண்டா கதவைத் திறந்தாள்.

"யாரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யாரைப் பத்திடா பேசுற?"

அங்கிக்காரன் பயந்துவிடவில்லை. குனிந்து வணங்கினான். "இதோ, நண்பர்களே!" என்றான்.

"அவ என் அத்தை. என்னைத் தூக்கி வளர்த்தவ. எலி மருந்தாம்! உன் வாயைக் கழுவுடா முதல்ல, சவக்காரம் உள்ளதான் இருக்கு!"

கூட்டம் கைதட்டியது. சிரித்தார்கள், சிலர் விசில் அடித்தார்கள். கேமராக்கள் பளிச் பளிச்சென்றன. எர்லிண்டா சுற்றிலும் பார்த்தாள். இவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். பிறகு வெள்ளைக் காற்சட்டை போட்ட ஓர் அம்மாள் முன்னால் வந்து, "ரொம்ப தத்ரூபமா நடிச்சீங்க" என்று சொல்லி அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்தாள். மிளகாய்ச் சாறு வழிகிற கையில்.

எர்லிண்டா அந்த நோட்டைக் கசக்கி வாய்க்காலில் எறிந்தாள். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் அந்தச் சுற்றுலாவை நடத்துகிற கம்பெனிக்குப் போனோம். பழைய கவர்னர் அரண்மனைத் தாழ்வாரத்தில் பழங்குடிப் பெண்கள் கம்பளம் விரித்து வெள்ளி மோதிரம் விற்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்தது. பெயர் நிலா நடை. முதலாளியம்மாள் திருமதி ஹேஸ்லெட், டல்லஸிலிருந்து வந்தவள், கழுத்தில் நான்கு வடம் நீலப்பச்சைக் கல் மாலை. எங்களை உட்காரச் சொல்லி, பனிக்கட்டி போட்ட தேநீர் கொடுத்தாள். சிரித்த முகம்.

"உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா," என்றாள். "ஆனா இது நாட்டுக் கதை. யாரும் நிஜம்னு எடுத்துக்கறதில்லை. உங்க ஊர் வரலாற்றை நாங்க உயிரோட வச்சிருக்கோம்."

"எங்க அத்தையைக் கொலைகாரின்னு சொல்றது எந்த வரலாறு?"

"எங்க வழிகாட்டி ட்ரெவர் சொன்னார், நேத்து நீங்க பிரமாதமா இருந்தீங்களாம். வாரத்துல மூணு நாள், கறுப்பு முக்காடு போட்டுக்கிட்டு அதே மாதிரி வெளியே வந்து கத்தினீங்கன்னா, நாங்க சம்பளம் குடுத்துடறோம்."

எர்லிண்டா எழுந்து நின்றாள். தேநீரைத் தொடக்கூட இல்லை. "உங்க அம்மா உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே, ஏன்?"

"நல்லா இருந்தாங்களா, இல்லை யாரையாவது கொன்னாங்களா? டல்லஸுக்கு வந்து நான் சொல்லட்டுமா?"

திருமதி ஹேஸ்லெட்டின் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் கழன்றது.

வக்கீலைப் பார்த்தோம். செத்துப்போனவர்களுக்குச் சட்டத்தில் மானம் என்று ஒன்று கிடையாதாம். அவர்களைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சந்து பொது வழி, நடக்கத் தடை போட முடியாது. நகராட்சியில் ஒரு பெண், "சுற்றுலாதான் நம்ம ஊருக்குச் சோறு போடுது" என்று எங்களுக்கே பாடம் சொன்னாள்.

என்னால் அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நானும் அதே சோற்றைத்தான் தின்கிறேன். சுழல் படிக்கட்டு இருக்கிற தேவாலயத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலை எனக்கு. நடுத்தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது, யார் கட்டினார், அந்தத் தச்சர் எங்கே மறைந்தார் என்று நாளெல்லாம் கேட்பார்கள். புனித சூசையப்பரே வந்து கட்டினார் என்று சொல்கிறார்கள் என்பேன். கண் பனிக்கப் போவார்கள். ஆனால் சூசையப்பரைப் பற்றி நல்லதுதானே சொல்கிறோம்! எங்கள் அத்தை என்ன பாவம் செய்தாள்?

எர்லிண்டா ஓய்வு பெற்றவள், மாலை நேரமெல்லாம் அவளுடையது. மறுநாளிலிருந்து நிலா நடைக் கூட்டத்தோடு அவளும் போக ஆரம்பித்தாள். பயந்து நானும் கூடப் போனேன். சதுக்கத்தில் தொடங்கும். கோபுரம் முடியாத பேராலயம், ஆற்றுப் பாலம், பழைய மணி தொங்குகிற சான் மிகெல் கோயில் என்று ட்ரெவர் போவான். ஒவ்வோர் இடத்திலும் யாராவது யாரையாவது குத்தியிருப்பார்கள், எரித்திருப்பார்கள். அதிலெல்லாம் அவள் குறுக்கிடவில்லை. சந்துக்குள் நுழைந்ததும் வாயைத் திறப்பாள். "பொய்! பொய்! பொய்!" அவ்வளவுதான். சுற்றுலாக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் கம்பெனியின் விளம்பரத் தாளில் அச்சடித்தே விட்டார்கள்: "அதிர்ஷ்டம் இருந்தால், கொலைகாரியின் இரத்த உறவை நேரில் காணலாம்."

அந்தத் தாளை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "க்ளியோ, என் கோபத்தைக்கூட இவங்க வித்துட்டாங்கடி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் எடுத்தாள், என் வீட்டிலிருந்தும் எடுத்தாள், எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் துவைத்து, பிழியாமல், சந்தின் குறுக்கே சுவருக்குச் சுவர் கயிறு கட்டிக் காயப்போட்டாள். கனத்த ஈரத் துணி, வரிசைக்குப் பின் வரிசை. ட்ரெவரும் கூட்டமும் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் லாந்தர் ஈரம் பட்டு உஸ்ஸென்று அணைந்தது. அன்றைக்குத்தான் எர்லிண்டா வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது நாள் போலீஸ் வந்தது. வந்தவன் லியோ ஆரகோன், சின்ன வயதில் அவள் வண்டியில் பள்ளிக்கூடம் போனவன்.

"மிஸ், துணியை எடுத்துடுங்க மிஸ். பொது வழி."

"மூணாங்கிளாஸ்ல என் வண்டி முழுக்க வாந்தி எடுத்தியே, அது பொது இடமில்லையா? யாரு கழுவினா?"

லியோவின் காது சிவந்துவிட்டது. "நீங்கதான் மிஸ்."

"எங்க அத்தையைக் கொலைகாரின்னு கூவுறானே, அவனைப் பிடிக்க ஆள் இல்லை. என் போர்வையைப் பிடிக்க வந்துட்டியா?"

"பேசறது குத்தமில்லையே மிஸ். வழியை மறிக்கறதுதான் குத்தம். எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்று சொல்லிக்கொண்டே அபராதச் சீட்டைக் கிழித்து, அவள் கையில் கொடுக்கத் தைரியமில்லாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே எர்லிண்டா நேரே ட்ரெவரிடம் போனாள். சதுக்கத்து மேடையில் உட்கார்ந்து அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். அங்கி இல்லாமல் பார்த்தால் வெயிலில் மூக்கு உரிந்த சாதாரண ஆள். சிகாகோவில் நாடகம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவனாம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள். "எங்க அத்தை பேரு உனக்கு எப்படித் தெரியும்? எந்தப் புஸ்தகத்துலயும் அவ இல்லை."

அவன் மடித்த அங்கியை ஓரமாக வைத்தான். "நானா கட்டலைங்க. ரயிலடிப் பக்கம் இருக்கிற மதுக்கடையில ஒரு பெரியவர் சொன்னார். எங்க குடும்பத்துக் கதைன்னே சொன்னார். எலி மருந்து மட்டும்தான் நான் சேர்த்தது. கொன்னுட்டான்னு அவர்தான் சொன்னார்."

"எந்தப் பெரியவர்?"

"பேரு கேக்கலை. நரைச்ச மீசை. வலது கையில ஒரு விரல் பாதிதான் இருந்துச்சு."

என் புருஷனுக்கு வைக்கோல் கட்டுகிற இயந்திரத்தில் விரல் போன கதை எனக்கும் எர்லிண்டாவுக்கும் தெரியாததா? அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டெல்ஃபீன் வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றே இருந்தேன். சோளமும் கறியும் போட்ட பொசோலே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எர்லிண்டா தட்டு வைக்கவில்லை.

"டெல்ஃபீன், மதுக்கடையில யாருக்குக் கதை சொன்னே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். "சும்மா ஒரு பேச்சு. ஒரு பீர் வாங்கிக் குடுத்தான். ஊர்க் கதை ஏதாச்சும் சொல்லுன்னான். இப்படிப் பண்ணுவான்னு நான் கண்டேனா?"

"ஒரு பீருக்கு அத்தையை வித்தியா?"

"விக்கலை! அவளே சொன்னதைத்தான் சொன்னேன்!" டெல்ஃபீன் மேஜையில் ஓங்கி அறைந்தார். என்னைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "உனக்கு அவ தாய். எனக்கு என்ன? பன்னெண்டு வயசுல என்னை ஆட்டுப் பட்டிக்கு அனுப்பினா. உன்னை மடியில வச்சுக்கிட்டா. சாகும்போது வீட்டையும் உன் பேருக்கு எழுதினா. ஏன்க்கான்னு நான் ஒரு வார்த்தை கேட்டேனா உன்னை?"

"அதுக்காகக் கொலைகாரின்னு சொல்லுவியா?"

"நான் மாமாவைப் பார்த்தேன்!"

எர்லிண்டா அடுப்பை விட்டுத் திரும்பினாள்.

"பதினாறு வயசுல," என்றார் டெல்ஃபீன், குரல் இறங்கிவிட்டது. "வயோமிங்ல, ராலின்ஸ்ங்கிற ஊர்ல. கசாப்புக் கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார் மக்காரியோ மாமா. நல்லா சதை போட்டு, புது பூட்ஸ் போட்டு. பக்கத்துல ஒரு பொம்பளை, ரெண்டு பிள்ளைங்க. என்னைத் தெரிஞ்சுக்கிட்டார். தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான் சம்பளத்தை வாங்கிக்கிட்டு ஊருக்கு ஓடி வந்து அத்தைகிட்ட சொன்னேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? ஓங்கி அறைஞ்சா. அப்புறம் சொன்னா, 'இந்த வீட்டைப் பொறுத்தவரை அவனை நான் கொன்னாச்சு. கொன்னு புதைச்சாச்சு. எர்லிண்டாகிட்ட வாயைத் திறந்தேன்னா உன்னையும் புதைப்பேன்'னு. அவ சொன்ன வார்த்தை அது. குடிச்சிருந்தேன், அதைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்லலை."

எர்லிண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் ஆத்துமாக்கள் தினத்தன்று அவள் மக்காரியோ மாமா பெயருக்குப் பூசை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றி வந்தவள். அதைத்தான் நினைக்கிறாள் என்று நான் எண்ணினேன். அவள் நினைத்தது வேறு.

"எலிசேயோ," என்றாள்.

எலிசேயோ பேருந்துக் கொட்டடியில் மெக்கானிக். அவளைக் கட்டிக்கொள்ள மூன்று வருஷம் காத்திருந்தவன். நல்ல மனுஷன். டென்வரில் வேலை கிடைத்தது, இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். எர்லிண்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"அத்தைதான் சொன்னா," என்றாள் எர்லிண்டா. "'வடக்கே போறவன் உயிரோட திரும்ப மாட்டான், உன் மாமாவைப் பாரு, மலை அவரைத் தின்னுடுச்சு, நீயும் என்னை மாதிரி வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கப்போறியா'ன்னா. நான் நம்பினேன். முட்டாச் சிறுக்கி, நம்பினேன். அவளுக்குத் தெரியும்! மாமா ராலின்ஸ்ல கறி வாங்கிக்கிட்டு நிக்கிறது அவளுக்குத் தெரியும்!"

அடுப்பிலிருந்த பானையை இழுத்துத் தரையில் போட்டாள். சோளமும் கறியும் மிளகாயும் தரையெல்லாம். அந்தத் தரைக்குக் கீழேதான் பிணம் இருக்கிறது என்று வாரம் மூன்று நாள் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைப் பார்த்து, என்னால் இங்கே எழுத முடியாத வார்த்தைகளைச் சொன்னாள். டெல்ஃபீன் முகத்தை மூடிக்கொண்டார். நான் துடைப்பத்தை எடுத்தேன். அந்தக் குடும்பத்தில் எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைத் தின்றிருக்கிறாள். ஒரு பையன் வாய் திறக்காமல் வளர்ந்து, கிழவனான பிறகு தப்பான இடத்தில் திறந்திருக்கிறான். ராலின்ஸில் புது பூட்ஸ் போட்டு நின்ற அந்த ஆளைப் பற்றி மட்டும் யாரும் எந்தத் தெருவிலும் எதுவும் சொல்வதில்லை.

ஆறு மணிக்கு வெளியே காலடிச் சத்தம். ட்ரெவரின் குரல்: "நண்பர்களே, இதுதான் அந்த வீடு."

இனி எர்லிண்டா போகட்டும் என்று விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அத்தை மேல் அவளுக்கு இனி என்ன பாசம் இருக்கும்? ஆனால் அவள் எழுந்துவிட்டாள்.

"விடுங்கக்கா," என்றேன். "அவளுக்காகவா இன்னும் சண்டை போடப்போறீங்க?"

"அவ மேல எனக்கு இருக்கிற கோபம் எனக்கும் அவளுக்கும் நடுவுல," என்றாள். "அதுக்கு டிக்கெட் போட இவன் யாரு?" பிறகு தம்பியைப் பார்த்தாள். "நீ எழுந்திரு. கதையை நீ ஆரம்பிச்சே. நீயே போய் முடி."

டெல்ஃபீன் வெளியே போனார். கூட்டம் ஆவலாக அவரைப் பார்த்தது, புது நடிகர் என்று நினைத்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றினார். அவருடைய ஆங்கிலம் சுமார்தான்.

"நான் பெனிக்னாவோட தம்பி மகன். இந்தக் கதையை இந்த ஆளுக்குச் சொன்னது நான்தான். பொய். எங்க அத்தை யாரையும் கொல்லலை. அவ புருஷன் வேற பொம்பளையோட ஓடிப்போனான். வயோமிங்ல குடும்பம் நடத்தினான். நான் கண்ணால பார்த்தேன். எங்க அத்தை ஹோட்டல் துணி துவைச்சு எங்களுக்குச் சோறு போட்டா. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. யாரோ ஒருவர் இருமினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அப்போ பேய் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா."

"ஓ," என்றாள். கேமராவைப் பைக்குள் போட்டாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. ட்ரெவர் லாந்தரைத் தாழ்த்தினான். அவன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

டெல்ஃபீன் அதோடு விடவில்லை. வாரத்தில் மூன்று நாளும் சுவர் பூசுகிற வேலை முடிந்து சுண்ணாம்பு அப்பிய உடுப்போடு சந்தில் வந்து நிற்பார். ட்ரெவர் வாயைத் திறக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றி அதே ஏழெட்டு வாக்கியத்தை அதே குரலில் சொல்லுவார். கத்துகிற பெண்ணுக்குக் கைதட்டிய ஜனங்கள் ஓடிப்போன புருஷனின் கதைக்குக் கொட்டாவி விட்டார்கள். அக்டோபர் முடிவதற்குள் திருமதி ஹேஸ்லெட் எங்கள் சந்துக்குக் கூட்டம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

எர்லிண்டா தம்பியோடு பேசியது அடுத்த ஈஸ்டருக்குத்தான். அதுவும், வீட்டுச் சுவருக்கு மண் பூச வந்தவரிடம், "ஏணியை ரோஜாச் செடி மேல சாத்தாதடா, குருடா" என்று. அந்த நவம்பரில் மக்காரியோவுக்கு அவள் பூசை வைக்கவில்லை. அத்தைக்கு வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தாள். எலிசேயோ டென்வரிலேயே கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை பார்த்து, செத்துப்போனான் என்று கேள்விப்பட்டோம். வாசல் கூட்டிக்கொண்டிருந்த எர்லிண்டா இன்னொரு முறை கூட்டினாள்.

மே மாதத்தில் ஒரு நாள் என் தேவாலயத்தில் சீட்டு வாங்க வந்தவர்கள் நிலா நடையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில், காதலனுக்காகத் தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியையின் வீடு அருமையாக இருந்ததாம். நான் அதை எர்லிண்டாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே என்னை இழுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். நீலக் கதவு போட்ட வீடு. தட்டினாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள்.

"எர்லிண்டா மிஸ்!" என்றாள் அவள். "நான் ரொசாலியா பாக்கா. உங்க வண்டியிலதான் வருவேன்."

"ரொசாலியா, உங்க வீட்டுல யாராவது டீச்சரா இருந்தாங்களா?"

"எங்க பெரியத்தை இருந்தாங்க. நிமோனியாவுல போனாங்க. ஏன் மிஸ்?"

"அவங்க எப்படிப் போனாங்கன்னு நிலா நடைக்காரங்க ஊரைக் கூட்டி வேற கதை சொல்லிக்கிட்டிருக்காங்க. நீ ஆறு மணிக்கு வீட்டுல இருக்கறதில்லையா?"

"நான் ஹோட்டல்ல ராத்திரி வேலைக்குப் போயிடுவேன் மிஸ். இன்னிக்குத்தான் லீவு. என்ன சொல்றாங்க?"

எர்லிண்டா சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, கயிற்றையும் காதலனையும் சேர்த்துச் சொன்னாள். ரொசாலியா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் முகம் மெல்ல மெல்ல இறுகியதை நான் பார்த்தேன். போன வருஷம் மிளகாயைக் கீழே வைத்தபோது எர்லிண்டாவுக்கு இருந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"வெளியே வாடா ஆர்துரோ!" என்று உள்ளே இருந்த தன் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

தெருக்கோடியில் பதினைந்து இருபது பேர் எங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வெயிலில் எரிகிற லாந்தர்.